பழக்கமும் படைப்பும்

நுழையும்முன்

கலை திடீரென்று தோன்றும் உந்துதலால் பிறக்கிறதா, நாள்தோறும் தொடரும் உழைப்பால் பிறக்கிறதா என்பது நெடுங்காலமாகக் கேட்கப்பட்டுவரும் வினா. எழுத்தாளர்களும் ஒளிப்படக் கலைஞர்களும் தம் நாள்களை எவ்வாறு அமைத்துக்கொண்டனர் என்பதை அறிந்தால் இவ்வினாவிற்கு விடை தேடலாம். கைப்பேசியால் எவரும் நூற்றுக்கணக்கில் படம் எடுக்க முடிகின்ற இக்காலத்தில், மிகுதியாகச் செய்வதற்கும் படைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இப்பாடம் எண்ணிப் பார்க்கிறது.

நள்ளிரவில் விளக்கேற்றி ஒரே மூச்சில் காவியத்தை எழுதி முடிக்கும் கவிஞர்; தெருவில் நடந்து செல்கையில் தற்செயலாகக் கேமராவை உயர்த்தி, உலகப் புகழ்பெற்ற படத்தை எடுத்துவிடும் கலைஞர். கதைகளும் திரைப்படங்களும் நம் மனத்தில் பதித்துள்ள தோற்றங்கள் இவை. பார்க்க அழகானவைதாம், ஆயினும், அந்த நள்ளிரவிற்கு முன்னும் பின்னும் கழிந்த நாள்களை அவை நமக்குக் காட்டுவதில்லை.

ஔவையாரின் தனிப்பாடல் ஒன்றைத் தமிழ் மாணவர் அறிவர். ஓவியம், மொழி, கல்வி ஆகியவற்றைப் பழக்கத்தால் அமைவன என்று வகைப்படுத்தும் அப்பாடல், நட்பையும் ஈகையையும் பிறவிக் குணங்களாகத் தனியே பிரித்து வைக்கிறது. கலையைப் பிறவிக் குணங்களின் வரிசையில் அப்பாடல் சேர்க்கவில்லை என்பது கருதத்தக்கது. அவ்வாறாயின், எத்தகைய பழக்கம் கலையை வளர்க்கும் என்பதே அடுத்து எழும் வினா.

கடிகாரத்தை முன்வைத்து எழுதியவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் ஆந்தணி டிரல்லோப் (1815–1882) அஞ்சல் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். தெருவோரத்தில் அஞ்சல்பெட்டி வைக்கும் முறையைப் பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் அறிமுகப்படுத்தப் பரிந்துரைத்தவரும் அவரே. அவர் எழுதிய நாவல்கள் 47; அவற்றுள் பல அலுவலகப் பணியை விடாமல் எழுதப்பட்டவை. இது எவ்வாறு இயன்றது?

நாள்தோறும் காலை 5.30 மணிக்கு அவர் மேசைமுன் அமர்ந்துவிடுவார். தம்மை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காகவே பணியாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்துவந்தார். முதல் அரைமணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதில் கழியும். அதன்பின் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால்மணி நேரத்திற்கு 250 சொற்கள் என்னும் அளவில் எழுதுவார். மூன்று மணிநேரம் முடிந்தபின் அலுவலகத்திற்குப் புறப்படுவார். எழுதத் தொடங்கும் ஒவ்வொரு நாவலுக்கும் நாள்வாரியாகக் கட்டமிட்ட குறிப்பேடு ஒன்று உண்டு. அன்றன்று எழுதிய பக்கங்களின் எண்ணிக்கை அதில் பதிவாகும். வாரத்திற்குச் சராசரியாக 40 பக்கங்கள். சோம்பலில் கழிந்த நாளின் வெற்றுக் கட்டம், ஏட்டைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டு உறுத்தும். தொடர்வண்டிப் பயணங்களிலும் முழங்கால்மீது பலகை வைத்து எழுதினார்.

இச்செய்திகளை எல்லாம் அவரே தம் தன்வரலாற்றில் மறைக்காமல் எழுதிவைத்தார். அவர் இறந்த மறு ஆண்டு, 1883இல், அந்நூல் வெளிவந்தது. அதன்பின் அவருடைய இலக்கிய மதிப்புச் சரிந்தது! நாவல்களைப் படித்து மகிழ்ந்தவர்களே, அவை கடிகாரத்தின் துணையோடு எழுதப்பட்டவை என்பதை அறிந்ததும் முகம் சுளித்தனர். நூல்களில் ஒரு சொல்லும் மாறவில்லை. அவை பிறந்த விதம் தெரிந்ததுதான் மாற்றம். செருப்புத் தைப்பவர் தம் வேலைக்கு உந்துதல் வரட்டும் என்று காத்திருப்பதில்லை, எழுத்தாளர் மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும் என்பது டிரல்லோப்பின் எண்ணம். பின்வந்த காலம் அவருடைய நாவல்களை மீண்டும் எடுத்துப் படித்தது. இன்றும் அவை அச்சில் உள்ளன.

டிரல்லோப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 250 சொற்களையே குறிப்பிடுவர். முதல் அரைமணி நேரத்தை மறந்துவிடுவர். நேற்று எழுதியதை இன்று காதால் கேட்பதுபோலப் படித்துப் பார்க்கும் அந்த அரைமணி நேரம் இல்லாமல் மீதி நேரத்திற்குப் பொருள் இருந்திருக்குமா என்பது ஐயமே. எண்ணிக்கை கையை இயக்கியது. படித்துப் பார்த்தல் கண்ணையும் செவியையும் விழிப்பாக வைத்திருந்தது.

தமிழில் இத்தகைய ஒழுங்கை எழுத்தாளர்மீது சுமத்தியது வார இதழ். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. இதழின் ஆசிரியப் பொறுப்பையும் சுமந்துகொண்டு, மூன்றரை ஆண்டுகள் வாரம் தவறாமல் எழுதுவது எளிய செயலன்று. அதற்கிடையிலும் ஓவியர் மணியத்தை உடன் அழைத்துக்கொண்டு இலங்கை சென்று, கதை நிகழும் இடங்களை நேரில் பார்த்து வந்தார். தொடர் முடிந்தபோது வாசகர்கள் எழுப்பிய வினாக்களுக்கு முடிவுரையில் அவர் விடை கூற நேர்ந்தது. காத்திருக்கும் வாசகர்தாம் அவருக்குக் கடிகாரம்.

ஒரு நொடிக்காக ஓர் ஆயத்தம்

எழுத்தாளர் தம் நேரத்தைத் தாமே குறித்துக்கொள்ளலாம். ஒளிப்படக் கலைஞருக்கு அந்த உரிமை முழுமையாக இல்லை. கதிரவனும் மேகமும் மனிதரும் விலங்கும் அவருடைய கால அட்டவணைப்படி நடப்பதில்லை. எனவே, அவருடைய பழக்கம் வேறு வகையில் அமைகிறது. வரும் நொடி எது என்று அறியாமலேயே அந்த நொடிக்கு அணியமாக இருப்பதே அப்பழக்கம்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் அன்செல் ஆடம்ஸ் (1902–1984) எடுத்த ‘நிலவெழுச்சி’ என்னும் படம் இதற்குச் சிறந்த சான்று. 1941ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் ஒருநாள், நியூ மெக்சிகோ மாநிலத்தில் மனநிறைவான படம் எதுவும் கிடைக்காமல் அவர் மாலையில் மகிழுந்தில் திரும்பிக்கொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரைக் கடந்தபோது, பனிமலைகளின்மேல் நிலவு எழுந்திருந்தது. மறையும் கதிரவனின் ஒளி கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளின்மீது வெண்மையாகப் படிந்திருந்தது. வண்டியைச் சாலையோரம் நிறுத்திப் பெரிய கேமராவை அவசரமாக நிறுவினார். ஒளியை அளக்கும் கருவியைத் தேடினார். அது கைக்கு அகப்படவில்லை.

அந்நிலையில் மற்றொருவர் மனம் சோர்ந்திருப்பார். ஆடம்ஸோ, நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்னும் அளவை நினைவில் வைத்திருந்தார். அதிலிருந்து எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடவேண்டும் என்று மனத்திற்குள்ளேயே கணக்கிட்டு, ஒரு படம் எடுத்தார். காப்பிற்காக இரண்டாவது படம் எடுக்க ஆயத்தமாவதற்குள் சிலுவைகள்மீது இருந்த ஒளி மறைந்துவிட்டது. கிடைத்தது ஒரே ஒரு நெகட்டிவ்.

இதனைப் பேறு என்று சொல்வோர் உண்டு. அந்த ஒளி அவ்விடத்தில் அவருக்காகக் காத்திருந்ததும் பேறுதான். ஆனால், ஒளியின் அளவுகளையும் அச்சில் தோன்றும் கருமை வெண்மைப் படிகளையும் பொருத்திப் பார்க்கும் முறையை அவர் ஃபிரெட் ஆர்ச்சர் என்பவரோடு சேர்ந்து வகுத்திருந்தார். அதனைப் பலமுறை பழகியும் இருந்தார். இளமையில் பியானோ பயின்றவர் அவர். விரல்கள் தாமே செல்லும்வரை ஒரே இசைத்துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் பயிற்சி, கேமராவைக் கையாள்வதிலும் அவருக்குத் துணைநின்றது.

கதை அத்துடன் முடியவில்லை. அந்த நெகட்டிவை அச்சிடுவது கடினமாக இருந்தது. முன்புறம் மங்கலாக இருந்ததால் 1948இல் வேதிமுறையில் அப்பகுதிக்கு மட்டும் வலுவூட்டினார். அடுத்த பல ஆண்டுகளில் தம் கையாலேயே அதிலிருந்து ஆயிரத்திற்கும் மேற்பட்ட படிகளை அச்சிட்டார். காலப்போக்கில் அவற்றில் வானம் மேலும் மேலும் கருமையாகிக்கொண்டு வந்தது. நெகட்டிவ் இசையமைப்பாளர் எழுதிய சுரக்குறிப்பு என்றால், அச்சுப்படி மேடையில் நிகழும் இசை என்பது அவர் கருத்து. ஒரு நொடியில் எடுத்த படத்தோடு அவர் வாழ்ந்த காலம் நாற்பது ஆண்டுகள்.

இத்தனை கவனம் வாய்ந்தவரிடமும் ஒரு குறை இருந்தது. படம் எடுத்த நாளை அவர் ஒழுங்காகக் குறித்துவைப்பதில்லை. அப்படத்திற்கு வெவ்வேறு ஆண்டுகளைக் கூறிவந்தார். இறுதியில் வானியல் அறிந்தோர், படத்தில் நிலவு நிற்கும் இடத்தைக் கொண்டு கணக்கிட்டு, 1941 நவம்பர் 1 மாலை என்று நாளை வரையறுத்தனர். குறிப்பேட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் வானியலை நாடியிருக்க வேண்டியதில்லை!

பார்க்கப்படாத படங்கள்

நாள்தோறும் விடாமல் செய்யும் பழக்கம் ஒன்றே போதுமானால், கேரி வினோகிராண்ட் (1928–1984) வாழ்வு முழு வெற்றியாக அமைந்திருக்க வேண்டும். நியூயார்க் நகரத் தெருக்களை அவர்போல் ஓயாமல் படமெடுத்தவர் அரியர். கேமரா இன்றி அவர் வெளியே செல்வதில்லை. எடுத்த படச்சுருள்களை உடனே கழுவிப் பார்க்காமல் ஓராண்டோ இரண்டாண்டோ ஒதுக்கிவைப்பார். அதற்குக் காரணமும் கூறினார். படம் எடுத்த நேரத்து மகிழ்ச்சி நெஞ்சில் இருக்கும்வரை, அப்படம் நல்லதா என்று நடுவுநிலையோடு பார்க்க இயலாது என்பது அவர் கருத்து. எழுதியதைச் சில காலம் பெட்டிக்குள் வைத்திருந்து, பின் அயலார்போல் படித்துப் பார்க்க வேண்டும் என்று எழுத்தாளர்களுக்குக் கூறப்படும் அறிவுரையும் இதுவே.

ஆனால், காத்திருத்தல் மெல்ல மெல்லக் கைவிடுதலாக மாறியது. இறுதி ஆண்டுகளில் அவர் எடுப்பது பெருகியது, பார்ப்பது குறைந்தது. 56ஆம் வயதில் புற்றுநோயால் அவர் இறந்தபோது, கழுவப்படாத சுருள்கள் ஏறத்தாழ 2,500 இருந்தன. கழுவப்பட்டும் அச்சிட்டுப் பார்க்கப்படாதவை 6,500. ஒரு சுருளில் 36 படங்கள் என்று கொண்டால், எடுத்தவரே பார்த்திராத படங்கள் மூன்று இலட்சத்தைத் தாண்டும்.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஜான் சார்க்கோவ்ஸ்கி, அப்படங்களில் பெரும்பகுதியைப் பார்வையிட்டு 1988இல் கண்காட்சி அமைத்தார். வினோகிராண்டைத் தொடக்கம் முதல் போற்றிவந்த அவரே, இறுதிக்காலப் படங்களில் பெரும்பாலானவை வலுவிழந்தவை என்று வருந்தினார். 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மற்றொரு கண்காட்சி, அதே குவியலிலிருந்து பல நல்ல படங்களைத் தேர்ந்து காட்டியது. எவர் கூற்று சரி என்பது ஒருபுறம் இருக்க, தேர்ந்தவை வினோகிராண்டின் கண்கள் அல்ல. பார்த்துக் கழித்தலும், கழித்ததிலிருந்து கற்றலும், கற்றதைக் கொண்டு மறுநாள் தெருவில் இறங்குதலும் ஒரு சக்கரம்போல் தொடர வேண்டியவை. அச்சக்கரத்தில் ஓர் ஆரம் முறிந்தபின்னும் அவர் கை மட்டும் இயங்கிக்கொண்டே இருந்தது.

சிகாகோ நகரில் குழந்தைகளைப் பேணும் பணி செய்த விவியன் மையர் (1926–2009) வாழ்வையும் இங்கே நினைக்கலாம். வாடகை செலுத்தப்படாத அவருடைய பெட்டிகள் 2007இல் ஏலத்தில் விற்கப்பட்டபோதுதான், ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட நெகட்டிவுகளை அவர் சேர்த்துவைத்திருந்தது உலகிற்குத் தெரிந்தது. இன்று அவரைப் போற்றாத ஒளிப்படக்காரர் இல்லை. அவரும் பல சுருள்களைக் கழுவாமலே விட்டுச்சென்றார். ஆனால், குறைந்த ஊதியத்தில் வாழ்ந்த ஒருவருக்குச் சுருள் கழுவுவதும் அச்சிடுவதும் பெருஞ்செலவு. அவரை வினோகிராண்டோடு ஒரே தட்டில் வைப்பது முறையாகாது.

கைப்பேசியில் படம் எடுக்கும் இன்றைய இளைஞருக்குச் சுருளின் விலையும் இல்லை. கழுவும் செலவும் இல்லை. எடுத்த நொடியிலேயே படத்தைப் பார்க்கவும் முடிகிறது. ஆனால், பார்ப்பது அந்த ஒரு நொடி மட்டுமே. ஒரு கோயில் திருவிழாவில் எடுத்த முந்நூறு படங்கள் கருவியின் நினைவகத்தில் தங்கிவிடுகின்றன. அவற்றில் எது நல்லது, ஏன் நல்லது என்று எவரும் அமர்ந்து பார்ப்பதில்லை. கழுவாத சுருள்கள் இன்று வேறு வடிவில் நம் சட்டைப்பையில் இருக்கின்றன.

தெரிந்து தெளிவோம்

ஒரு சுருளில் உள்ள எல்லாப் படங்களையும் சிறுசிறு கட்டங்களாக ஒரே தாளில் அச்சிடுவதைக் காண்டாக்ட் தாள் என்பர். கலைஞர் எங்கே தொடங்கினார், எப்படி நெருங்கினார், எந்தப் படத்தில் நிறுத்தினார் என்பதை அத்தாள் காட்டிவிடும். எழுத்தாளரின் அடித்தல் திருத்தல் நிறைந்த கையெழுத்துப்படிக்கு இது நிகரானது. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் (1908–2004), சிறிய லைகா கேமராவோடு உலகெங்கும் நடந்தவர். 1948 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சற்றுமுன் அவரைச் சந்தித்துப் படம் எடுத்தார். 1950 ஏப்ரலில் இரமண மகரிசி மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில் இருந்தார்.

குறிப்பேடும் கேமராவும்

எழுத்தையும் ஒளிப்படத்தையும் ஒரே வாழ்வில் இணைத்த தமிழர் மா. கிருஷ்ணன் (1912–1996). ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த ஃபைசனோடு மலைப்பகுதிகளுக்குச் சென்று செடிகொடிகளை உற்றுநோக்கக் கற்றுக்கொண்டார். அப்பேராசிரியரின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் பழகினார். பார்த்தலே கல்வியாக அமைந்த காலம் அது.

பெல்லாரிக்கு அருகில் உள்ள சந்தூர் என்னும் சிறிய சமத்தானத்தில் 1942 முதல் பல பொறுப்புகளில் பணியாற்றினார். 1949இல் அச்சமத்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபின் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் அவர் எந்த வேலையிலும் அமரவில்லை. எழுத்தும் படமுமே பிழைப்பு. மாத ஊதியம் இல்லாத குடும்பத்தலைவருக்கு உந்துதல் வரும்வரை காத்திருக்கும் வசதி ஏது? கொல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் ‘நாட்டுப்புறக் குறிப்பேடு’ என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தலைப்பில் ஒரு பகுதியை எழுதத் தொடங்கினார். இரு வாரங்களுக்கு ஒருமுறை வெளிவந்த அப்பகுதி 46 ஆண்டுகள் தொடர்ந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் கட்டுரைகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும்.

ஆயிரம் கட்டுரைகளுக்குப் பொருள் எங்கிருந்து கிடைத்தது என்பதே வியப்பிற்குரியது. புலியும் யானையும் மட்டும் என்றால் சில ஆண்டுகளில் சரக்குத் தீர்ந்திருக்கும். கிருஷ்ணன் அணிலைப் பற்றி எழுதினார். காக்கையைப் பற்றி, மைனாவைப் பற்றி, சுவரில் ஒட்டியிருக்கும் பல்லியைப் பற்றி, தெருநாயையும் ஆட்டையும் பற்றி எழுதினார். வீட்டைச் சுற்றி உள்ளவை எவையும் அவர் கண்ணுக்குப் பழையனவாகவில்லை. கெடு நெருங்கும்போது பொருளைத் தேடி அலைபவர் அல்லர் அவர். நாள்தோறும் பார்த்துக்கொண்டே இருந்தார். கெடு வரும்போது பார்த்தவற்றிலிருந்து ஒன்றை எடுத்தார். கட்டுரைகளுக்குரிய கோட்டோவியங்களையும் தாமே வரைந்தார். ஒன்றை வரைய வேண்டுமாயின் அதனை இன்னொரு முறை கூர்ந்து பார்த்தாக வேண்டும். காக்கையின் அலகு எந்த இடத்தில் வளைகிறது என்பதை எழுதாமல் தப்பித்துவிடலாம். வரையும்போது தப்ப முடியாது.

காட்டில் அவர் எடுத்த படங்கள் கருப்பு வெள்ளையில் அமைந்தவை. வண்ணப் படச்சுருள் பரவிய பின்னும் அவர் அதற்கு மாறவில்லை. வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைப் பொருத்தித் தாமே உருவாக்கிய கனத்த கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். அதனைச் சுமந்துகொண்டு நடந்தும், பழக்கப்பட்ட யானையின்மீது அமர்ந்தும் முதுமலை முதலான காடுகளில் காட்டு யானைகளைப் படம் எடுத்தார். கனத்த கருவியோடு செல்பவர் பல படங்கள் எடுத்துக் குவிக்க இயலாது. விலங்கு என்ன செய்கிறது என்று நெடுநேரம் பார்த்து, பின்னரே எடுத்தாக வேண்டும். விரைவின்மையை அவருடைய கருவியே அவருக்குக் கற்பித்தது எனலாம். அவருடைய படங்களில் யானைகள் மேய்கின்றன, நீரருந்துகின்றன, கன்றைக் காக்கின்றன. கேமராவிற்காக நிற்கும் தோற்றம் அரிதாகவே காணப்படும்.

இவ்வாறு சேர்ந்த குறிப்புகளும் படங்களும் ஒன்றற்கொன்று சான்றாயின. ஜவகர்லால் நேரு நல்கை பெற்று அவர் நடத்திய ஆய்வு, 1959 முதல் 1970 வரையிலான இந்தியக் காட்டுயிர் நிலையைப் பதிவு செய்யும் நூலாக 1975இல் வெளிவந்தது. பதினோராண்டு காலத்தை ஒரு நூலில் அடக்க வேண்டுமாயின், ஆண்டுதோறும் கண்டதை ஆண்டுதோறும் குறித்துவைத்திருக்க வேண்டும். நினைவிலிருந்து எழுதக்கூடிய நூல் அன்று அது. ஆடம்ஸிடம் இல்லாதிருந்த குறிப்பேட்டுப் பழக்கம் கிருஷ்ணனிடம் நிறைந்திருந்தது.

தமிழிலும் அவர் எழுதினார். ஆங்கிலத்தில் எழுதியதைக் காட்டிலும் அது அளவில் குறைவே. துப்பறியும் நாவல் ஒன்றும் அதில் அடங்கும். இயற்கை குறித்த அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து, ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாக வெளிக்கொணர்ந்தார். பறவைகளின் பெயர்களையும் விலங்குகளின் செயல்களையும் எளிய தமிழில் துல்லியமாகச் சொல்ல இயலும் என்பதை அறிய விரும்பும் மாணவர் அதனைத் தேடிப் படிக்கலாம்.

1996 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை, கிருஷ்ணன் மறைந்தார். அன்றைய ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழிலும் அவருடைய குறிப்பேட்டுப் பகுதி வழக்கம்போல் வெளிவந்திருந்தது.